புனிதவதி கேட்கும் சொல்

ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுண் என்ற பகுதியின் உயர்ந்த கட்டடங்களுக்குள் கனகாலமாகக் குடியிருக்கும் புனிதவதியை அங்குள்ள தமிழர்களில் பலருக்குத் தெரியும். ஆனால் பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறவர்கள் குறைவு. ‘கறுவலை முடிச்ச மனிசி’, கறுப்பரைக் கட்டியவள், என்றுதான் சொல்வார்கள். லிஃப்டுக்குள் அவள் நிற்கும்போதே, அவளுக்குத் தமிழ் விளங்காது என்பதுபோலவும் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அவள் கோபப்படுவதில்லை. “அவருக்கு வெண்டல் எண்டு ஒரு பேர் இருக்குது, தங்கச்சி,” என்று சொல்லிவிட்டுத் தன் மாடி வந்ததும் இறங்கிப் போய்விடுவாள்.

எண்பத்தாறில், நாட்டில் நடந்த சண்டைக்குத் தப்பி அண்ணன் சிவபாதத்தின் பின்னால் ரொறன்ரோவுக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது. ஒரு ஹோட்டலின் லோண்ட்றியில் வேலை கிடைத்தது. விடியற்காலையில் பார்லிமென்ட் வீதிக்கு நடந்து வந்து, தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார் ஏறுவாள். பனிக்காலத்தில் ஒருநாள், பக்கத்தில் நின்ற ஒருவன் அவளைப் பார்த்து உன் நாட்டுக்குத் திரும்பிப் போ என்று சத்தம் போடத் தொடங்கினான். வண்டி நிறையச் சனம். எல்லோரும் யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அவள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

வண்டி நின்றது. அது நிற்கும் இடமல்ல. ஓட்டுநர் எழுந்து வந்தார். உயரமான கறுப்பு மனிதர், மீசையில் அப்போதே ஒன்றிரண்டு நரை.

“நீங்கள் இறங்கினால் வண்டி போகும். இறங்காவிட்டால் போகாது,” என்று அந்த மனிதனிடம் சொன்னார். அவ்வளவுதான். பிறகு போய்த் தன் இருக்கையில் அமர்ந்து, பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றிக் குடிக்கத் தொடங்கினார். வேலைக்கு நேரமாகிறது என்று சனம் முணுமுணுத்தது. முதலில் ஓட்டுநரைப் பார்த்து முணுமுணுத்தது. பிறகு அந்த மனிதனைப் பார்த்து. கடைசியில் அவன் ஏசிக்கொண்டே இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு, முன்னால் இருக்கும் தனி இருக்கையில் அவர் தன் தொப்பியை வைத்திருப்பார். அவள் ஏறியதும் எடுத்துவிடுவார். அவளுடைய ஆங்கிலம் அந்த இருக்கையில்தான் வளர்ந்தது.

அவர் பெயர் வெண்டல். கனடாக்காரர் அல்ல. மிசிசிப்பியில் டெல்வூட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். வியட்நாமில் சண்டை நடந்த காலத்தில் இராணுவத்துக்கு வா என்று கடிதம் வந்தபோது பஸ்ஸேறி வடக்கே வந்து எல்லை கடந்தவர். “நானும் உன்னைப்போல ஓடி வந்தவன்தான்,” என்று ஒருநாள் சொன்னார். அண்ணன் ஒருவர் இருந்தார், இப்போது இல்லை என்றும் சொன்னார். எப்படி இறந்தார் என்று அவள் கேட்டபோது, “அது நீண்ட கதை, உன்னுடைய நிறுத்தம் வந்துவிட்டது,” என்றார்.

அவரைக் கலியாணம் செய்யப்போவதாகச் சொன்ன அன்று சிவபாதம் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

“சனத்துக்கு நான் என்னெண்டு முகம் குடுக்கிறது? ஒரு வெள்ளையனைக் கொண்டுவந்திருந்தாலாவது ஏதும் சொல்லிச் சமாளிச்சிருப்பன்.”

“அண்ணை,” என்று அவள் மேசையில் தன் கையை நீட்டி வைத்தாள். “இதைப் பாருங்கோ. இது என்ன நிறம்?”

சிவபாதம் அந்தக் கையைப் பார்க்கவில்லை. கலியாணத்துக்கும் வரவில்லை. சில வருடங்களில் மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில் வீடு வாங்கிக்கொண்டு போனார். மகன் பிரவீனன் பிறந்த செய்திகூட அவளுக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

வெண்டலைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு நா எழவில்லை. ‘இஞ்சேருங்கோ’, இங்கே பாருங்கள், என்றே கூப்பிட்டாள். தமிழில் தனக்கு அப்படியொரு பெயர் வைத்திருக்கிறாள் என்று அவர் வெகுநாள் நம்பியிருந்தார். கூட வேலை செய்த தமிழர் ஒருவரிடம், “என்னுடைய தமிழ்ப் பெயர் இஞ்சேருங்கோ,” என்று பெருமையாகச் சொல்ல, அந்த மனிதர் ஸ்ட்ரீட்கார் தரிப்பிடத்திலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாராம். உண்மை தெரிந்த பிறகும் வெண்டல் அந்தப் பெயரை விடவில்லை. மகள் பிறந்தபோது சாம்பவி என்று பெயர் வைத்ததும் அவர்தான். நாலைந்து பெயர்களைச் சொல்லச் சொல்லி, வாயில் சுகமாக வருவது இதுதான் என்று தெரிவு செய்தார்.

தொண்ணூற்றாறில் ஊரிலிருந்து ஒரு செய்தி வந்தது. புனிதவதியின் தம்பி ஜெயரட்ணத்தை இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அதன்பிறகு அவனைக் கண்டவர் இல்லை. தாய் முகாம் முகாமாக அலைந்தாள். எங்கெல்லாமோ மனுக் கொடுத்தாள். மாதங்கள் கழித்து வந்த பதிலில், உமது மகன் காணாமல் போனவர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறார் என்று இருந்தது. தாய் ரெலிபோனில் அதை வாசித்துக் காட்டினாள்.

ரெலிபோனை வைத்துவிட்டுப் புனிதவதி குசினிக்குள்ளேயே தரையில் இருந்துவிட்டாள். வெண்டல் வந்து பக்கத்தில் இருந்தார்.

“காணாமல் போனவன் எண்டு எழுதியிருக்கினம்,” என்று தமிழிலேயே சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த முயன்றாள். தமிழில் இரண்டு விதமாகச் சொல்லலாம். ‘போனவன்’ என்றால் அவனாகப் போனவன். ‘ஆக்கப்பட்டவன்’ என்றால் யாரோ அப்படிச் செய்தார்கள் என்று பொருள். “அவன் என்ன வழி தெரியாமல் போனவனே? கண்ணுக்கு முன்னால இறக்கினவை. அந்த ஒரு சொல்லைக்கூட மாத்தி எழுத மாட்டினமாம்.”

வெண்டல் எழும்பி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பவும் அவள் பக்கத்தில் வந்து இருந்தார். பிறகு, கலியாணமாகி இத்தனை வருடத்தில் முதன்முறையாகத் தன் அண்ணன் ஐசாயாவின் கதையை முழுதாகச் சொன்னார்.

ஐசாயா பஞ்சு ஆலையில் வேலை செய்தவர். அவரிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. கறுப்பர்கள் வாக்காளராகப் பதிவு செய்யப் போனால் வேலை போகும், வீடு எரியும் என்றிருந்த காலம். ஐசாயா சனிக்கிழமைகளில் அந்தப் பிக்கப்பில் கிழவர்களையும் பெண்களையும் ஏற்றி மாவட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோய் இறக்குவார். அவர்கள் வரும்வரை வெளியே நிற்பார். அறுபத்தைந்தாம் ஆண்டு ஒரு சனிக்கிழமை அவர் வீடு திரும்பவில்லை. பிக்கப் பாலத்தடியில் நின்றது. உடலை ஆற்றிலிருந்து எடுத்தபோது அடையாளம் காட்டப் போனவர் பதினேழு வயது வெண்டல். மணிக்கட்டில் கயிறு அறுத்த தடம் இருந்தது. மரணப் பத்திரத்தில், தற்செயலாக நீரில் மூழ்கி இறந்தார் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

“யார் செய்தது என்று ஊருக்கே தெரியும்,” என்றார் வெண்டல். “அவர்களில் ஒருவன் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தான். ஊரில் அது ஒன்றுதான் கடை. சவப்பெட்டிக்கு ஆணி வாங்க என் அம்மா அவனிடம்தான் போனார்.”

அன்று அந்தக் குசினித் தரையில் இருந்து எழும்பியபோது, இனி இந்த மனிதரைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

சாம்பவிக்கு ஐந்து வயதானபோது மூவருமாக டெல்வூட்டுக்குக் காரில் போனார்கள். இராணுவத்துக்குத் தப்பி வந்தவர்களுக்கு அமெரிக்கா எப்போதோ மன்னிப்புக் கொடுத்திருந்தது. ஆனால் வெண்டல் தாயின் செத்தவீட்டுக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அக்கா ஒபீலியா மட்டும் இன்னும் அங்கே இருந்தார். மிசிசிப்பிக்குள் நுழைந்ததிலிருந்து வெண்டல் ஆளே மாறிப்போனார். ஒவ்வொரு மரத்தையும் வயலையும் மகளுக்குக் காட்டினார். பாதையோரம் நிறுத்தி அவித்த நிலக்கடலை வாங்கினார். சிரித்துக்கொண்டே இருந்தார். இப்படியொரு மனிதன் தன் வீட்டுக்குள் இவ்வளவு காலம் எங்கே இருந்தான் என்று புனிதவதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குச் சற்று முன்னால் பின்னுக்குப் பொலிஸ் வெளிச்சம் சுழன்றது. வெண்டல் ஓரம் கட்டினார். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் எடுத்து வைத்தார். விரல்கள் விரிந்திருந்தன. கண் நேரே பார்த்தது. புனிதவதிக்கு அந்த இருப்புத் தெரியும். சோதனைச் சாவடிகளில் அவளும் அப்படித்தான் இருந்திருக்கிறாள்.

வந்த பொலிஸ்காரனுக்கு வெண்டலின் பாதி வயதுகூட இராது. பத்திரங்களை வாங்கிப் பார்த்தான். பிறகு குனிந்து, வெண்டலைத் தாண்டி அவளிடம் கேட்டான்: “அம்மா, நீங்கள் நலமா? உங்கள் விருப்பத்தின்படிதான் இவரோடு போகிறீர்களா?”

“இவர் என்னுடைய கணவர்,” என்றாள் அவள்.

அவன் பின் இருக்கையில் இருந்த குழந்தையைப் பார்த்தான். பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு வெண்டல் மரங்களைக் காட்டவில்லை. ஒபீலியா வீட்டில் இருந்த நாள்களில் வாசலைத் தாண்டவில்லை. திரும்பி வரும்போது, எல்லையில் கனடாப் பக்கம் வந்ததும் காரை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “இனிப் போகமாட்டேன். ஐசாயாவுக்கு என்ன செய்தோம் என்று அவர்கள் வாயால் சொல்லட்டும். சொன்ன பிறகு போகிறேன்.”

அவர்கள் சொல்லவில்லை. அரசாங்கத்திலிருந்து ஆட்கள் வந்து பழைய கோப்புகளைத் திரும்பத் திறந்த காலம் ஒன்று இருந்தது. ஒபீலியாவிடம் மணிக்கணக்காகக் கேட்டுப் போனார்கள். வெண்டல் அந்த நாள்களில் ரெலிபோன் மணி அடித்தால் ஓடுவார். முடிவில், சந்தேக நபர்கள் எல்லோரும் இறந்துவிட்டதால் விசாரணை மூடப்படுகிறது என்று அறிவித்தார்கள்.

“செத்தவனை ஜெயிலில் போட முடியாது என்று எனக்கும் தெரியும்,” என்றார் வெண்டல். “நான் ஜெயிலா கேட்டேன்?”

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருடைய பேச்சு முழுக்க டெல்வூட்டாகவே இருந்தது. அந்த ஆற்று மண்ணின் மணத்தைச் சொல்வார். ஆவணியில் அங்கே காற்றே ஈரமாகத் தொங்கும் என்பார். புனிதவதி கோவிலுக்குக் கூப்பிட்டால் வருவார். தேவாரம் முடிந்ததும், எங்கள் தேவாலயத்துப் பெண்கள் பாடினால் கூரை கிளம்பும் என்று காதுக்குள் சொல்வார். போய்ப் பார்த்துவிட்டு வருவோமே என்று அவள் கேட்டால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும்.

இரண்டாயிரத்துப் பதினாறில் புற்றுநோய் அவரைப் படுக்கையில் விழுத்தியது. கடைசி வாரத்தில் மகளையும் மனைவியையும் பக்கத்தில் வைத்துச் சொன்னார். தன்னை எரிக்க வேண்டும். சாம்பலை டெல்வூட்டில் ஐசாயாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். “ஆனால் இப்போது வேண்டாம். அவர்கள் சொன்ன பிறகு. அதுவரைக்கும் புனிதாவோடு இருக்கிறேன்.”

செத்தவீட்டுக்குச் சிவபாதம் வந்தார். கடைசி வரிசையில் நின்றார். முடிந்ததும் தங்கையிடம் வந்து, “சாம்பலை வீட்டுக்குள்ள வைச்சிருக்கக் கூடாது, பிள்ளை. ஏரியில கரைச்சுவிடு,” என்றார். இத்தனை வருடத்துக்குப் பிறகு அண்ணன் தன்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“அவர் போற இடம் வேற, அண்ணை,” என்றாள் அவள்.

யன்னலோரம் அலுமாரித் தட்டில் அவருடைய சாம்பல் பேழை இருந்தது. காலையில் தேநீர் போட்டால் அதன் பக்கத்தில் வந்து நின்று குடிப்பாள். இன்றைக்குப் பனி, இன்றைக்கு ஸ்ட்ரீட்கார் ஓடவில்லை என்று இரண்டொரு வார்த்தை பேசுவாள். மனிதர் பக்கத்து அறையில் இருப்பதுபோலத்தான் இருந்தது.

தகப்பன் இறந்த மறு வருடம் சாம்பவி சட்டப் படிப்பை முடித்தாள். ரொறன்ரோவில் நல்ல வேலை காத்திருந்தது. அவள் மிசிசிப்பிக்குப் போகப்போவதாகச் சொன்னாள். வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் வெட்டப்பட்டவர்களுக்காக வழக்காடும் ஒரு சிறிய அமைப்பு.

“அப்பா ஓடி வந்த இடத்துக்கு நீ ஏன் ஓடுறாய்?” என்று புனிதவதி கேட்டாள்.

“அம்மா, அப்பா ஓடி வந்தது ஃபினிஷ் பண்ணாமல். யாராவது திரும்பிப் போகோணும் தானே?”

மகள் போனதிலிருந்து புனிதவதிக்கு அமெரிக்கச் செய்தி என்பது மிசிசிப்பிச் செய்திதான். ஒவ்வொரு நாளும் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா என்று கேட்க முதல், இன்றைக்குக் கார் ஓடினாயா என்று கேட்பாள். “பொலிஸ் மறிச்சால் ரெண்டு கையையும் ஸ்டியரிங்கில வை. பையுக்குள்ள ஒண்டையும் தேடாதை.” சாம்பவிக்கு அது மனப்பாடம். “ஓமம்மா, கை ஸ்டியரிங்கில,” என்று அவளே முந்திச் சொல்லிவிடுவாள். மகளின் அறையில் மெத்தை விரிப்பைக் கிழமைக்குக் கிழமை மாற்றுவதைப் புனிதவதி நிறுத்தவில்லை. மாற்றிவிட்டு அதில் சற்று நேரம் இருப்பாள்.

இரண்டாயிரத்து இருபது கோடையில் மினியாப்பொலிஸில் ஒரு கறுப்பு மனிதரின் கழுத்தில் பொலிஸ்காரர் முழங்காலை வைத்துக் கொன்றதை உலகமே பார்த்தபோது, ரொறன்ரோ வீதிகளும் நிறைந்தன. புனிதவதி ஒரு காட்போட் மட்டையில் ஐசாயா என்ற பெயரை மட்டும் எழுதிக்கொண்டு இறங்கினாள். முகக்கவசத்தோடு கூட்டத்தில் நடந்துபோகையில் பின்னால் ஒருவன் தமிழில் கூப்பிட்டான். அண்ணனின் மகன் பிரவீனன்; தகப்பனின் பழைய படமொன்றில் பார்த்த கண்களை வைத்து அவளைக் கண்டுபிடித்தானாம். கையில் அவனும் ஒரு மட்டை வைத்திருந்தான்.

“மாமி, ஹூ இஸ் ஐசாயா?”

“உன்ர மாமான்ர தமையன்.”

அவன் அந்தப் பெயரைத் திரும்பப் பார்த்தான். தனக்கு அப்படியொரு மாமா இருந்ததையே வீட்டில் யாரும் பேசியதில்லை என்றான். மிச்சத் தூரம் அவளோடேயே நடந்தான். அவளுக்கு முழங்கால் நோகத் தொடங்கியபோது கையைப் பிடித்துக்கொண்டான்.

மூன்று வருடம் கழித்து, ஒரு மத்தியானம் சாம்பவி கூப்பிட்டாள். மூச்சுவிடாமல் பேசினாள். டெல்வூட் நகரசபை ஐசாயாவுக்காக ஒரு தீர்மானம் நிறைவேற்றப் போகிறது. பாலத்தடியில் பெயர்ப்பலகையும் நடப்போகிறார்கள். “அம்மா, அப்பாவைக் கொண்டு வாங்கோ.”

புனிதவதி பேழையைப் பட்டுச் சேலைத்துண்டு ஒன்றில் சுற்றி, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள்.

ஒபீலியாவுக்கு எண்பத்து நான்கு வயது. தடியூன்றி நடந்தார். நகரசபை மண்டபத்தின் முன்வரிசையில் ஒபீலியா, புனிதவதி, சாம்பவி மூவரும் அமர்ந்தார்கள். நகர முதல்வர் ஓர் இளம் கறுப்பர். எழுந்து நின்று தீர்மானத்தை வாசித்தார். இந்த ஊரின் மகன், துணிவுள்ளவர், வாக்குரிமைக்காக உழைத்தவர் என்றெல்லாம் வந்தது. பிறகு, ‘அறுபத்தைந்தாம் ஆண்டு ஆற்றங்கரையில் நடந்த துயர நிகழ்வில் உயிரிழந்தார்’ என்று வந்தது. சனம் கைதட்டத் தொடங்கியது.

ஒபீலியா தடியை ஊன்றி எழும்பினார். கைதட்டல் அடங்கும்வரை நின்றார்.

“என் தம்பி எதையும் இழக்கிற ஆளில்லை,” என்றார். “தொப்பியை எங்கே வைத்தான் என்றுகூட அவனுக்குத் தெரியும். அவன் உயிரை இழக்கவில்லை. எடுத்தார்கள். அப்படி வாசியுங்கள்.”

நகர முதல்வர் கடதாசியைப் பார்த்தார். முகம் வாடிப்போனது. “அம்மா, எனக்கும் அதுதான் விருப்பம். ‘கொல்லப்பட்டார்’ என்று போட்டால் சபையில் பெரும்பான்மை கிடைக்காது. இந்த அளவுக்குக் கொண்டுவரவே பட்ட பாடு...” என்று நிறுத்தினார். சபை உறுப்பினர்களின் மேசையில் இரண்டு மூன்று பேர் குனிந்து தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்த ஊரில்தான் இருந்தார்கள், வாக்குப் போட்டார்கள், மண்டபத்திலும் இருந்தார்கள்.

தீர்மானம் அப்படியே நிறைவேறியது.

மறுநாள் காலை புனிதவதி பெட்டி கட்டினாள். பேழையைத் திரும்பவும் சேலைத்துண்டில் சுற்றினாள். ஒபீலியா வந்து கட்டிலில் அமர்ந்தார்.

“அவனை எங்கே கொண்டு போகிறாய்?”

“அவர்கள் இன்னும் சொல்லவில்லை, அக்கா. சொன்ன பிறகுதான் வருவேன் என்றார்.”

“அவன் சின்ன வயதிலிருந்தே பிடிவாதக்காரன்.” ஒபீலியா பேழையின் மேல் கை வைத்தார். “நான் ஒருத்தனைப் புதைத்தேன். மற்றவனுக்காக ஐம்பத்தைந்து வருடம் வாசலைப் பார்த்தேன். அவர்கள் சொல்லும்வரை எனக்குக் காலம் இல்லை, புனிதா. நான் கண்ணை மூட முதல் இவன் வீட்டுக்கு வரட்டும்.”

புனிதவதி பேழையைப் பார்த்தாள். இறந்தவரின் வார்த்தை ஒரு பக்கம். உயிரோடு முன்னால் இருக்கும் இந்தக் கிழவியின் ஏக்கம் ஒரு பக்கம். அவளுடைய தாயும் ஜெயரட்ணத்தின் ஒரு எலும்பாவது கிடைத்தால் போதும் என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனவள்.

அன்று பின்னேரம் தேவாலயத்து மயானத்தில், ஐசாயாவுக்கும் தாய்க்கும் நடுவில் வெண்டலை வைத்தார்கள். போதகர் செபித்தார். பெண்கள் பாடினார்கள். அவர் சொன்னதுபோலத்தான் இருந்தது அந்தப் பாட்டு. அங்கே கூரை இல்லை, அவ்வளவுதான். மண் போடும் முறை வந்தபோது புனிதவதி முழங்காலிட்டுக் குனிந்தாள்.

“இஞ்சேருங்கோ,” என்றாள். “கோவிக்காதேங்கோ. அக்கா கேட்டவ. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று அப்போது அவளுக்கே தெரியாது.

ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்த பிறகுதான் வீடு வெறுமையானது. வெண்டல் இறந்தபோதுகூட இப்படி இருக்கவில்லை. யன்னலோரத் தட்டு காலியாக இருந்தது. தேநீரை எடுத்துக்கொண்டு அங்கே போய், எதற்கு வந்தோம் என்று நினைத்து நிற்பாள். வாழ்நாள் முழுக்க அவருக்கு டெல்வூட் ஏக்கம். இப்போது அவர் அங்கே போய்விட்டார். ஏக்கம் அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது. ஒருமுறையும் வாழ்ந்திராத ஊரின் ஈரக் காற்றை அவள் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்துகொண்டு தேடினாள். பனிக்காலம் தொடங்க முதல் ஒபீலியாவும் நித்திரையிலேயே போய்விட்டார்.

சாம்பவி அந்தச் செய்தியைச் சொன்ன அன்று புனிதவதி கேட்டாள்: “இனி அந்தச் சபையில ஆர் கேக்கிறது?”

“நான் கேக்கலாம். ஆனால் நான் லோயர் எண்டு அவைக்குத் தெரியும். வழக்குப் போடப்போறன் எண்டு பயப்பிடுவினம்.” சாம்பவி சற்று யோசித்தாள். “அம்மா, மாசாமாசம் மீற்றிங் நடக்குது. குடும்ப ஆக்கள் ஒன்லைனிலயும் கதைக்கலாம். மூண்டு நிமிசம் தருவினம்.”

“நான் கனடாக்காரி. என்ர இங்கிலீசும்...”

“நீங்கள் குடும்பம் தானே?”

முதல் மாதம் அவள் கோவிலுக்கு உடுக்கும் சேலையை உடுத்து, கணினியின் முன்னால் இருந்தாள். சபைச் செயலாளர் அவள் பெயரை வாசிக்கத் திணறி, ‘மிஸிஸ் பூனி’ என்று முடித்தார். புனிதவதி எழுதி வைத்திருந்ததைக் கவிழ்த்து வைத்தாள். வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“நான் ஐசாயாவின் தம்பியின் மனைவி. நான் பிறந்த நாட்டில் என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காணாமல் போனான் என்று எழுதினார்கள். என் அம்மா மற்றச் சொல்லுக்காகக் காத்திருந்து செத்துப்போனார். உங்களிடம் நான் காசு கேட்கவில்லை. யாரையும் தண்டிக்கவும் கேட்கவில்லை. ‘உயிரிழந்தார்’ என்பதை எடுத்துவிட்டுக் ‘கொல்லப்பட்டார்’ என்று எழுதுங்கள். நன்றி.”

சபை நன்றி சொல்லிவிட்டு அடுத்த விடயமாகிய வாய்க்கால் திருத்தத்துக்குப் போனது.

மறு மாதமும் அவள் வந்தாள். அதற்கு மறு மாதமும். வாய்க்கால், நாய் வரி, பள்ளிக்கூட வாசல் விளக்கு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டிருப்பாள். அந்த ஊரின் வீதிப் பெயர்கள் அவளுக்குப் பாடமாயின. செயலாளர் அவள் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிவிட்டார். சிவபாதம் இதைக் கேள்விப்பட்டு ரெலிபோனில், “உனக்கேன் பிள்ளை உந்த அமெரிக்காக்காரற்ற பிரச்சினை? அவங்கள் கேக்கவே போறாங்கள்?” என்றார். “ஜெயத்தின்ர விசயத்திலயும் கேக்கேல்லைத்தான், அண்ணை. அதுக்காக நாங்கள் விட்டுட்டமே?” என்றாள். தம்பியின் பெயரை அவர்கள் இருவரும் தங்களுக்குள் சொல்லி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

மண்டபத்தில் எப்போதும் இரண்டாவது வரிசையில் ஒரு வயதான வெள்ளைப் பெண் இருப்பார். மடியில் கைப்பை, அதன்மேல் கைகள். இந்த வருடம் வசந்தத்தில் ஒரு கூட்டத்தில், புனிதவதி பேசி முடிந்ததும் அந்தப் பெண் எழுந்தார்.

“இரும்புச் சாமான் கடை என் அப்பாவுடையது,” என்றார். கைப்பையை மற்றக் கைக்கு மாற்றினார். “அந்த அம்மா கேட்கிற சொல்லைப் போடுங்கள்.” பிறகு அமர்ந்து, கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். திரும்ப மூடினார்.

நகர முதல்வர் அப்போதே வாக்கெடுப்புக்கு விட்டார். சாம்பவி மண்டபத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்றாள். கை உயர்த்தியவர்களைப் புனிதவதி திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒரு வாக்குக் குறைந்தது.

“தேர்தலுக்குப் பிறகு திரும்பவும் கொண்டுவரலாம்,” என்றார் நகர முதல்வர். குரல் தாழ்ந்திருந்தது. “மிஸிஸ் புனிதவதி, அடுத்த மாதம் வருவீர்களா?”

“வருவேன்,” என்றாள்.

கூட்டம் முடிந்தது. சனம் எழும்பிப் போனது. சாம்பவி திரையின் பக்கம் பார்த்துக் கையசைத்துவிட்டு, அந்த வயதான பெண்ணின் பின்னால் விரைந்து போனாள். வழக்கமாகச் செயலாளர் உடனே கமெராவை நிறுத்திவிடுவார். அன்று மறந்துவிட்டார். ஒரு மனிதர் வந்து கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கதவைத் திறந்து வைத்தார். வாசலுக்கு வெளியே மாலை வெயிலில் ஒரு துண்டுச் செம்மண் பாதையும், ஒரு மரத்தின் அடிப்பாகமும் தெரிந்தன. என்ன மரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. வெண்டலிடம் கேட்டால் சொல்லியிருப்பார்.

அவள் கணினியை மூடவில்லை. கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த வாசலையே பார்த்தபடி இருந்தாள்.